புது பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறலையா? - வேன் வீட்டுப் பயணிகளுக்கு ஒரு முழு கைடு

குன்றாண்டார்கோவில். திருச்சி - புதுக்கோட்டை சாலையில் கீரனூர் போய், அங்கிருந்து பிரிந்து போனால் வரும் சின்ன ஊர். மலையைக் குடைந்து செய்த சிவன் கோயிலும், அதற்கு முன்னால் குதிரைகள் இழுக்கும் தேர் மாதிரி கல்லிலேயே செதுக்கிய மண்டபமும்தான் ஊரின் அடையாளம். நார்த்தாமலை, குன்றாண்டார்கோவில், சித்தன்னவாசல் என்று மூன்று நாள் சுற்றலாம் என மாமாவும் அத்தையும் கிளம்ப, நானும் தொற்றிக்கொண்டேன். மாமா ஓய்வு பெற்ற பிறகு ஆசை ஆசையாக வீடு மாதிரி மாற்றிய வேன். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, இரண்டு ஃபேன், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், கூரையில் சோலார் பேனல்.

கோயில் பார்த்துவிட்டு வந்தால், ஃப்ரிட்ஜ் 'பீப் பீப்' எனக் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரியில் கரன்ட் இல்லை என்று தானாகவே அணைந்துவிட்டது. சித்திரை வெயில். ஃப்ரிட்ஜுக்குள் பாலும் தயிரும் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அத்தையின் இன்சுலினும் அங்கேதான் இருந்தது.

"போன மாசம்தான் மாப்ள புது பேட்டரி போட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் மாமா. இதே பிரச்னை வந்து ஒரு கடையில் காட்டியிருக்கிறார். பார்த்ததுமே "பேட்டரி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்தாயிரத்துக்கு மேல் செலவு. இப்போது புது பேட்டரியோடு அதே பிரச்னை.

அன்றைக்கு மாலை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து 20 நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. அவர் என்ன செய்தார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும், அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. வேனை வீடாக்கிக் கிளம்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களில் பலருக்கும் முதலில் வரும் தலைவலி இதுதான்.

முதலில் ஒரு விஷயம்: வண்டியில் இருப்பது இரண்டு பேட்டரி

ஒன்று, இன்ஜின் பேட்டரி. செல்ஃப் அடித்து வண்டியைக் கிளப்புவது இதன் வேலை. சில நொடிகளுக்கு நிறைய கரன்ட் கொடுக்கும். இன்னொன்று, வீட்டு பேட்டரி. லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் இதில்தான் ஓடும். இது கொஞ்சம் கொஞ்சமாக, பல மணி நேரம் கரன்ட் கொடுக்கிற ரகம்.

வீட்டு பேட்டரிக்கு சார்ஜ் மூன்று வழிகளில் வரலாம்.

* வண்டி ஓடும்போது இன்ஜினில் இருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து. மெக்கானிக்குகள் 'டைனமோ' என்பார்கள்.
* கூரையில் இருக்கும் சோலார் பேனலிலிருந்து.
* தங்கும் இடத்தில் பிளக் போட்டால், 230 வோல்ட் கரன்டிலிருந்து சார்ஜர் வழியாக.

மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். அதனால் 'பேட்டரி ஏறலை' என்று மொத்தமாகச் சொல்வதைவிட, 'எந்த வழியில் ஏறலை' என்று கேட்பதுதான் சரியான கேள்வி. வண்டி ஓட்டும்போது ஏறவில்லை, ஆனால் பிளக் போட்டால் நன்றாக ஏறி, ஏறிய சார்ஜும் நிற்கிறது என்றால் பேட்டரியும் சார்ஜரும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் வழியில்.

கையில் என்ன வேணும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். டயலை 'டிசி வோல்ட்' பக்கம், 20 என்ற இடத்தில் வையுங்கள். சிவப்பு ஒயரை பாசிட்டிவிலும் கறுப்பு ஒயரை நெகட்டிவிலும் வைத்தால் வோல்ட் தெரியும். ஆம்பியர் ஓட்டையில் ஒயரைச் சொருகிக்கொண்டு பேட்டரியைத் தொட்டுவிடாதீர்கள். ஷார்ட் ஆகி மீட்டர் போய்விடும், கையையும் சுட்டுவிடும்.

கூடவே ஒரு நோட்டு, பேனா. எங்கே வைத்தோம், எவ்வளவு காட்டியது என்று எழுதிக்கொண்டே போனால்தான் கோளாறு பிடிபடும்.

படி 1: ஓய்வில் இருக்கும் பேட்டரி என்ன சொல்லுது?

எல்லா சார்ஜையும் நிறுத்தி, எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்து, குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். இரவு முழுக்க விட்டு காலையில் அளந்தால் இன்னும் நல்லது. சார்ஜ் நிறுத்திய உடனே அளந்தால் பேட்டரி 'நான் ஃபுல்' என்று பொய் சொல்லும்.

12 வோல்ட் டியூபுலர், ஏ.ஜி.எம் போன்ற ஈய-அமில பேட்டரிகளுக்குத் தோராயக் கணக்கு இது:

* 12.6 - 12.8: முழு சார்ஜ்
* 12.4: முக்கால்
* 12.2: பாதி. இதற்குக் கீழே அடிக்கடி இறக்காதீர்கள்
* 12.0: கால்
* 11.8-க்குக் கீழே: காலி. இப்படியே சில நாள் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகி, பேட்டரி நிரந்தரமாகவே கெடும்

லித்தியம் (எல்.எஃப்.பி) பேட்டரிக்கு இந்தக் கணக்கு உதவாது. கிட்டத்தட்ட 30 சதவிகிதத்திலிருந்து 90 சதவிகிதம் வரை அது 13.2, 13.3 என்று ஏறக்குறைய ஒரே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு உள்ளே போகும், வெளியே வரும் கரன்டை எண்ணிச் சொல்லும் பேட்டரி மானிட்டர்தான் சரி.

படி 2: வண்டி ஓடும்போது ஏறுதா?

இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, முதலில் இன்ஜின் பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் டைனமோ நல்லா வேலை செய்யுது. 12.5-லேயே நின்றால் டைனமோ, அதன் பெல்ட், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். ரெகுலேட்டர் கோளாறு இரண்டு பேட்டரியையும் கொதிக்க வைத்துவிடும்.

அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டு பேட்டரியில் அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. மாமாவின் வேனில் இன்ஜின் பேட்டரியில் 14.2. வீட்டு பேட்டரியில் 13.0 மட்டுமே. நடுவில் 1.2 வோல்ட் எங்கேயோ தொலைகிறது.

'13.0 இருக்கே, 12-ஐவிட அதிகம்தானே' என்று தோன்றும். ஈய-அமில பேட்டரி முழுசாக நிரம்ப 14.4 வோல்ட் அளவுக்குத் தள்ளுவிசை வேண்டும். 13.0-ல் நாள் முழுக்க ஓட்டினாலும் கொஞ்சம்தான் ஏறும். மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு பிரஷர் இல்லாத கதைதான்.

வீட்டு பேட்டரியில் இன்ஜின் ஓடும்போதும் அணைத்தபோதும் ஒரே வோல்ட் காட்டினால், சார்ஜ் அங்கே வரவே இல்லை. வரிசையாக இவற்றைப் பாருங்கள்:

* ஃப்யூஸ். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்று விடாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஃப்யூஸின் இரண்டு பக்கமும் வோல்ட் அளந்து பாருங்கள்.
* ரிலே. இரண்டு பேட்டரியையும் வண்டி ஓடும்போது இணைத்து, நின்றதும் பிரிப்பது இதன் வேலை. வோல்ட்டைப் பார்த்து வேலை செய்யும் ரகம், பொதுவாக 13.3 வோல்ட் பக்கம் வந்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு இணைக்கும். சத்தமே வரவில்லை என்றால் ரிலேயின் எர்த் ஒயரைப் பாருங்கள்.
* பி.எஸ்-6 வண்டியா? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பலவற்றில் டைனமோவை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, இன்ஜின் பேட்டரி நிரம்பியதும் வோல்ட்டைக் குறைத்துவிடும். ரிலேவோ 'வண்டி நின்றுவிட்டது' என்று நினைத்துப் பிரித்துவிடும். எல்லாம் நல்லா இருந்தும் வீட்டு பேட்டரி ஏறாது. இதற்குத் தீர்வு 'டிசி-டிசி சார்ஜர்'. வருகிற வோல்ட் எதுவாக இருந்தாலும், பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கிக் கொடுக்கும்.

படி 3: தொலைந்த வோல்ட்டைத் தேடுவது எப்படி?

இதுதான் அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்த முக்கியமான சோதனை. பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதுதான்.

இன்ஜின் ஓடி, சார்ஜ் போய்க்கொண்டிருக்கும்போது, மீட்டரின் ஒரு ஒயரை இன்ஜின் பேட்டரியின் பாசிட்டிவிலும், இன்னொன்றை வீட்டு பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். ஒயர் எட்டாவிட்டால் நீளமான ஒயர் ஒன்றை ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். மீட்டர் காட்டுவது, அந்த வழியில் தொலையும் வோல்ட். எங்களுக்குக் காட்டியது 0.2. சரிதான்.

பிறகு அதேபோல நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு. 1.0 வோல்ட்!

"பாத்தீங்களா அண்ணே, போற வழி நல்லாருக்கு. திரும்புற வழிதான் அடைச்சிருக்கு" என்றார் அவர். கட்டிலுக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை வண்டி பாடியோடு இணைத்திருந்த போல்ட்டில் துருவும் பெயின்டும். பெயின்டைச் சுரண்டாமலேயே முடுக்கியிருக்கிறார்கள். கை வைக்க முடியாத சூடு. பேட்டரிக்குப் போக வேண்டிய சக்தி அந்த ஒரு போல்ட்டில் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்ததும், புது லக்ஸ், ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினார். மறுபடி அளந்தபோது வீட்டு பேட்டரியில் 13.9.

இப்படி சோதிக்க வேண்டிய இடங்கள்: பேட்டரி டெர்மினல்கள் (பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சோடா உப்பு கலந்து கழுவித் துடையுங்கள்; செல்லுக்குள் மட்டும் அது போகக் கூடாது), லக்ஸ் அழுத்திய இடம், ஃப்யூஸ் பாக்ஸ், மெயின் சுவிட்ச், எர்த் போல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த இணைப்பு மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ, பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

ஒயர் தடிமனும் முக்கியம். இரண்டு பேட்டரிக்கும் இடையில் ஐந்து மீட்டர், போய்வர பத்து மீட்டர் என்று வையுங்கள். 30 ஆம்ப் போகும்போது 6 சதுர மி.மீ தாமிர ஒயரில் சுமார் 0.9 வோல்ட் தொலையும். 16 சதுர மி.மீ ஒயரில் 0.35-தான். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற ஒயரை இங்கே போட்டுவிட்டு பேட்டரியைத் திட்டிப் பயனில்லை.

படி 4: சோலார் ஏறுதா?

எங்கள் கதையில் இன்னொரு குற்றவாளியும் உண்டு: புளியமரம். வெயிலுக்குப் பயந்து வேனை நல்ல நிழலில் நிறுத்தினோம். நமக்கு நிழல் என்றால் கூரைமேல் இருக்கும் பேனலுக்கும் நிழல்தானே? பேனலில் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே மொத்த உற்பத்தியில் பெரும்பகுதி போய்விடும். பறவை எச்சம், செம்மண் புழுதிக்கும் இதே கணக்குதான்.

நிழலா, சார்ஜா என்ற இந்தச் சண்டைக்கு நடைமுறைத் தீர்வு: வேன் நிழலில், பேனல் வெயிலில். மடக்கும் பேனல் ஒன்றை ஒயரோடு வெளியே வெயிலில் வைத்துக்கொள்ளலாம். அல்லது காலை 9 முதல் மதியம் 3 வரை வெயிலில் விட்டுவிட்டு, நாம் போய் மண்டபத்து நிழலில் உட்காரலாம்.

சோதிக்கும் முறை:

* வெயிலில் பேனல் ஒயரைக் கழற்றி அளந்தால், 12 வோல்ட் பேட்டரிக்கான சாதாரணப் பேனல் 18 முதல் 22 வோல்ட் காட்டும். பூஜ்யம் என்றால் கனெக்டரோ ஒயரோ போயிருக்கிறது.
* பேனலில் வோல்ட் இருந்து, பேட்டரியில் ஏறவில்லை என்றால் சார்ஜ் கன்ட்ரோலரையும் அதன் ஃப்யூஸையும் பாருங்கள்.
* கன்ட்ரோலரை மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் உயிரை விட்டுவிடும்.
* கன்ட்ரோலர் செட்டிங்கில் உங்கள் பேட்டரி ரகம்தான் தேர்வாகியிருக்கிறதா? டியூபுலர் பேட்டரியை 'ஜெல்' என்று வைத்தால் முழுசாக ஏறாது.

எதிர்பார்ப்பும் நியாயமாக இருக்கட்டும். வெயிலில் பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவிகிதம். கூரையில் படுத்த நிலையில் இருக்கும் 100 வாட் பேனலிலிருந்து நம் ஊரில் நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-ஹவர் கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

படி 5: பிளக் போட்டால் ஏறுதா?

பல ஊர்களில் மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் வரும். சார்ஜர் அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அடுத்த சந்தேகம், எக்ஸ்டென்ஷன் ஒயர். செல்போன் சார்ஜருக்கான மெல்லிய எக்ஸ்டென்ஷனில் பேட்டரி சார்ஜரைப் போடக் கூடாது. சுருட்டி வைத்தபடியே போட்டால் சூடாகி உருகும். முழுசாகப் பிரித்துப் போடுங்கள்.

230 வோல்ட் பக்கம் நாமே கை வைக்கக் கூடாது. வேனுக்குள் வரும் இணைப்பில் எர்த்தும், ஆர்.சி.சி.பி என்கிற கசிவு மின்தடுப்பானும் கட்டாயம் இருக்கட்டும். எர்த் இல்லாத சாக்கெட்டில் கசிவு ஏற்பட்டால், ரப்பர் டயர் மேல் நிற்கும் வேனின் தகர உடம்பு முழுக்க கரன்ட் பாயும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவருக்கு ஆபத்து. தொட்டால் 'சுர்' என்கிறதா? உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஏறுது, ஆனா நிக்கலையே?

சில நேரம் சார்ஜ் நன்றாகவே ஏறும். நாம் செலவழிப்பதுதான் அதிகம். ஒரு நாள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தோம்.

* ஃப்ரிட்ஜ்: கோடையில் சுமார் 500 வாட்-ஹவர்
* இரண்டு ஃபேன், தலா 20 வாட், 8 மணி நேரம்: 320
* லைட்: 50
* போன், லேப்டாப்: 100
* சும்மா ஆன் செய்து வைத்த இன்வெர்ட்டர், 15 வாட், 24 மணி நேரம்: 360

மொத்தம் 1,330. கடைசி வரியைக் கவனியுங்கள். எதுவுமே மாட்டாமல் 'ஆன்' நிலையில் இருக்கும் இன்வெர்ட்டர், ஒரு 100 வாட் பேனல் நாள் முழுக்கத் தருவதைத் தின்றுவிடுகிறது. 150 ஏஎச் ஈய-அமில பேட்டரியில் மொத்தம் 1,800 வாட்-ஹவர் இருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 900-தான். இன்வெர்ட்டரை வேண்டும்போது மட்டும் போட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

இன்னொன்று: ஈய-அமில பேட்டரியில் 80 சதவிகிதம் வரை வேகமாக ஏறும். மீதி 20 சதவிகிதத்துக்குப் பல மணி நேரம் ஆகும். 'ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேனே' என்பது போதாது. வாரம் ஒரு முறையாவது பிளக் போட்டோ, சோலாரிலோ முழுசாக நிரப்புங்கள்.

லித்தியம் போட்டவங்க கவனத்துக்கு

* திடீரென்று பேட்டரி 0 வோல்ட் காட்டினால் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தன்னைத்தானே அணைத்திருக்கலாம். லித்தியத்துக்கான சார்ஜரில் போட்டால் பொதுவாக விழித்துக்கொள்ளும்.
* வெயிலில் நின்ற வேனுக்குள் சூடு அதிகமானால் சார்ஜ் ஏற்க மறுக்கும். எந்த டிகிரியில் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். பேட்டரியோடு வந்த குறிப்பில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி போகிறவர்களுக்கு நேர்மாறான பிரச்னை: 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது.
* டியூபுலரை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தால் சார்ஜர், கன்ட்ரோலர் செட்டிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.
* டைனமோவிலிருந்து ரிலே வழியாக நேரடியாகக் கொடுக்காதீர்கள். லித்தியம் கிடைக்கும் கரன்டை எல்லாம் உறிஞ்சும். டைனமோ சூடாகிப் புகைந்துவிடும். டிசி-டிசி சார்ஜர் அவசியம்.

அப்போ பேட்டரியே கெட்டிருந்தா?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, முழுசாக சார்ஜ் ஏற்றி, ஓய்வில் விட்டும் மறுநாள் காலையில் 12.4-க்குக் கீழே இறங்கினால் இரண்டு வாய்ப்பு. எதையும் மாட்டாமல் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரி கோளாறு. தனியாக இருக்கும்போது நின்று, வண்டியில் மாட்டினால் இறங்கினால் எங்கேயோ கசிவு.

டியூபுலர் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைவாகக் காட்டினால் அந்த செல் போய்விட்டது. கடையில் லோடு டெஸ்ட்டும் செய்வார்கள். அந்த அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'பேட்டரி போயிடுச்சு' என்று வாயால் மட்டும் சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரி முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். குப்பையிலோ, வீட்டருகே ஈயம் உருக்குகிறவர்களிடமோ போடக் கூடாது.

இதை மட்டும் மறக்காதீங்க

* பேட்டரியில் வேலை செய்யும் முன் மோதிரம், செயின், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் தொட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும்.
* வண்டி பாடி நெகட்டிவாக இருப்பதால், கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.
* டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். தீப்பிடிக்கும். மூடிய பெட்டியில், படுக்கைக்குக் கீழே காற்றோட்டம் இல்லாமல் வைக்கக் கூடாது. வாயு வெளியே போக ஒரு குழாய் வழி வேண்டும்.
* டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். தகடு மூழ்கியிருந்தால், முழு சார்ஜுக்குப் பிறகு ஊற்றுங்கள்.
* ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான். கம்பி சுற்றுவது, பெரிய ஃப்யூஸ் போடுவது எல்லாம் தீயைக் கூப்பிடுவது.

வேன் இல்லாதவங்களுக்கும் இது உதவும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகள் முதல் நாளிலேயே காலி. நிற்கிற வேனின் பேட்டரியும், வீட்டு மூலையில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒரே சாதிதான். டெர்மினல், தண்ணீர், ஓய்வு வோல்ட் என்று மழைக்காலத்துக்கு முன்பே ஒரு முறை பார்த்து வைத்தால், அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

அத்தையின் இன்சுலின் என்ன ஆச்சு?

மாமா கீழே மீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை பதறவே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு மண்பானை வாங்கி, ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு சின்ன சட்டியில் இன்சுலினை வைத்து, ஈரத்துணியால் மூடிவிட்டார். "கரன்டே இல்லாத காலத்துல எங்கம்மா இப்படித்தான்டா தம்பி எதையும் கெடாம வெச்சிருந்தாங்க" என்றார்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பல ரகங்களில் 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் அட்டையில் எழுதியிருப்பதே இறுதி. மண்பானை ஃப்ரிட்ஜ் ஆகாது. ஆனால், வெயிலில் கொதிக்கும் வேனைவிடப் பல மடங்கு மேல். உறைந்துபோன இன்சுலினையும், தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால் அதையும் பயன்படுத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். மருந்தோடு பயணம் போகிறவர்கள், பேட்டரியை மட்டுமே நம்பாமல் ஒரு மாற்று வழியோடு கிளம்புங்கள்.

எலக்ட்ரீஷியன் கிளம்பும்போது மாமா, "தம்பி, அப்போ அந்தப் பழைய பேட்டரி..?" என்று இழுத்தார்.

"அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும்ணே" என்றார் அவர்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் காலை சித்தன்னவாசல் கிளம்புவதற்கு முன், கீரனூரில் வண்டியை நிறுத்தி முதலில் வாங்கியது ஒரு மல்டிமீட்டர்.